ட்ரெய்லர் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஆஸ்டினில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டது சுருக்கமாக இது. 2017 மாடல், 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் (ட்ரக்குக்குப் பின்னால் கட்டி இழுக்கும் நடமாடும் வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். கரண்ட் இணைப்பு உள்ள கேம்ப்கிரவுண்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. குடும்பத்தோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய், கரண்ட் இல்லாத இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது, லைட் மங்கிவிட்டது. எட்டு மணி நேரம் ட்ரக்கில் இழுத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகும் பேட்டரி 11.9 வோல்ட்டில்தான் நின்றது. புது பேட்டரி வாங்கிப் போட்டார், வாசலில் இரண்டு நாள் ப்ளக் போட்டு வைத்தார், அடுத்த பயணத்திலும் அதே கதை. "கன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா, இல்லை ட்ரக்கின் ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?" என்று கேட்கிறார்.

எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர்; கன்வெர்ட்டரோ அதுவோ, இரண்டும் இருக்காது என்றே நினைக்கிறேன். கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ப்ளக் போட்டிருக்கும்போது லைட், ஃபேன், தண்ணீர் பம்ப் எல்லாம் ஓடுகிறது என்றால், 120 வோல்ட் ஏசியை 12 வோல்ட் டிசியாக மாற்றும் கன்வெர்ட்டர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. பேட்டரியே இல்லாவிட்டாலும் அது அந்த வேலையைச் செய்யும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்: கரண்ட் உள்ள இடத்தில் எல்லாம் எரிகிறதே, அப்படியானால் பேட்டரியும் ஏறிக்கொண்டுதானே இருக்கும் என்று. அப்படி இல்லை. கன்வெர்ட்டரிலிருந்து உள்ளே இருக்கும் விளக்குக்குப் போவது ஒரு பாதை, வெளியே, ட்ரக்கோடு மாட்டும் கொக்கி அருகே இருக்கும் பேட்டரிக்குப் போவது இன்னொரு பாதை. இரண்டாவது பாதை எங்கோ அறுந்திருக்க வேண்டும், அல்லது தொடர்பு விட்டு விட்டு வர வேண்டும். புது பேட்டரி போட்டும் அதே கதை என்பது இந்தச் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்குகிறது.

சந்தேகம் மட்டும் போதாது. இருபது டாலருக்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பிளஸ்ஸிலும் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்திலும் ஒரே நேரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். எப்போதும் மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

முதல் அளவு: கரண்ட் ப்ளக்கைப் பிடுங்கி, ட்ரக்கையும் கழற்றி, சோலார் இருந்தால் அதையும் நிறுத்தி, பேட்டரியை இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். ஆசிட் பேட்டரி என்றால் 12.6, 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.1ஐ ஒட்டி இருந்தால் பாதி. 11.9 என்றால் பாதிக்கும் கீழே. இரண்டாவது அளவு: ப்ளக் போடுங்கள், ஐந்து நிமிடம் கழித்து அதே பேட்டரியின் முனைகளிலேயே மறுபடி அளங்கள். சார்ஜ் வந்தால் எண் 13க்கு மேல் ஏற வேண்டும். பெரும்பாலான கன்வெர்ட்டர்கள் 13.6ஐ ஒட்டியும், பேட்டரி ரொம்பக் காலியாக இருந்தால் 14.4 வரையும், நிறைந்த பிறகு 13.2ஐ ஒட்டியும் கொடுக்கும். மீட்டர் அசையாமல் முன்பு காட்டிய 12.1ஐயே காட்டினால் ஒரு சொட்டுகூடப் பேட்டரிக்கு வரவில்லை. மூன்றாவது அளவு உள்ளே: கன்வெர்ட்டர் இருக்கும் பேனலைத் திறந்து, 12 வோல்ட் பக்கத்தில் தடித்த வயர்கள் வந்து சேரும் திருகுகளில் அளங்கள். அதே பேனலில் 120 வோல்ட்டும் இருக்கிறது, அந்தப் பக்கம் கை போக வேண்டாம்.

இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் பாதி ஊகம் ஒழிந்துவிடும். பேனலில் 13.6, பேட்டரியில் 12.1 என்றால் கன்வெர்ட்டருக்கு எந்தக் குறையும் இல்லை, நடுவில் பாதை அறுந்திருக்கிறது. பேனலிலும் 12.1 என்றால் கன்வெர்ட்டரிலிருந்து பேனலுக்கு எதுவும் வரவில்லை. அப்போது அதற்கு 120 வோல்ட் வருகிறதா, அதன் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் 13.6 என்றால் சார்ஜ் வருகிறது, குறை வேறு எங்கோ.

பாதை அறுந்திருந்தால் நான் முதலில் பார்ப்பது இரண்டு ஃபியூஸ்களை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, என் சொந்த அசட்டுத்தனம். ட்ரெய்லர் வாங்கிய முதல் வருடம் பேட்டரியை நானே மாற்றினேன். காரில் பழகிய கை, கருப்பு என்றால் மைனஸ் என்று யோசிக்காமல் மாட்டியது. இங்கே ட்ரெய்லர்களில் அப்படி இல்லை. பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் பக்கத்தில் கருப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். வயர் பட்டதும் 'டப்' என்று ஒரு பொறி. உடனே சுதாரித்து மாற்றி மாட்டினேன், லைட் எரிந்தது, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். தப்பவில்லை. அடுத்த மாதம் கார்னர் ஸ்டேட் பார்க்கில் கரண்ட் இணைப்பில்லாத இடத்தில் இரண்டாம் நாளே எல்லாம் அணைந்தது. பக்கத்து இடத்தில் இருந்த ஒரு பெரியவர் டார்ச்சும் மீட்டருமாக வந்து, பேனலின் ஓரத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி இருந்த இரண்டு ஃபியூஸ்களைப் பிடுங்கிக் காட்டினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள்ளே புகை படிந்திருந்தது, நடுக் கம்பி இருந்த இடத்தில் இரண்டு உருண்டை மிச்சம், அவ்வளவுதான். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத் தங்களைக் கொடுக்கும் ஃபியூஸ்கள் அவை. பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்ப், இரண்டும் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து சில டாலர்தான். அதற்குள் நான் ஒரு புது பேட்டரிக்குக் காசைக் கொட்டியிருந்தேன்.

இந்த ஃபியூஸ்கள் மின்பாதையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ப்ளக் போட்டால் லைட் எரியும், பேட்டரிக்கு மட்டும் போகாது. சிலவற்றில் லைட்டே பேட்டரியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கும், வற்றிய பிறகுதான் விஷயம் தெரியும். எப்படியானாலும் வெளியே இழுத்துப் பாருங்கள், சந்தேகமிருந்தால் மீட்டரை ஓம் நிலையில் (மின்தடையை அளக்கும் நிலை) வைத்து இரு கால்களையும் தொடுங்கள், பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஃபியூஸ் நல்லது. மேலோட்டமாகப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட வேண்டாம். நீங்கள் பழைய ட்ரெய்லர் வாங்கியிருக்கிறீர்கள், முந்தைய உரிமையாளரின் கையும் என் கையைப் போல இருந்திருக்கலாம்.

ஃபியூஸ் சரியாக இருந்தால் வெளியே வாருங்கள், கொக்கிக்குப் பின்னால் முக்கோணமாக இருக்கும் சட்டத்தின் அருகே மண்டியிடுங்கள். பேட்டரியின் பிளஸ் வயரைப் பின்தொடர்ந்து போனால், ஓரிரு அடிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன உலோகப் பெட்டி இருக்கும். இரண்டு திருகுக் கால்கள், மேலே ரப்பர் மூடி. மூடி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். தானாகவே மீண்டும் சேர்ந்துகொள்ளும் பிரேக்கர் இது. மழை, சேறு, குளிர் ஊர்ப் பக்கம் ஓட்டியிருந்தால் சாலையில் தூவும் உப்பு என்று எல்லாவற்றையும் முகத்தில் வாங்குவது இதுதான். பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே தகடு துருப்பிடித்து, சில நேரம் சேர்ந்தும் சில நேரம் சேராமலும் இருக்கும். ப்ளக் போட்ட நிலையில், மைனஸை ஆதாரமாக வைத்து இரண்டு கால்களையும் தனித்தனியாக அளங்கள். ஒரு காலில் 13.6, மறுகாலில் 12.1 என்றால் குற்றவாளி அகப்பட்டான். பத்து டாலர் சமாச்சாரம், அதே ஆம்ப் எண்ணில் புதியது வாங்கி மாட்டுங்கள். அவசரத்துக்கு இரண்டு காலையும் வயரால் இணைத்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த வயர் எங்காவது சட்டத்தில் உரசினால் தீதான் பிடிக்கும்.

உங்கள் விஷயத்தில் இந்தப் பெட்டியின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். காரணம், ப்ளக்கிலிருந்தும் ஏறவில்லை, ட்ரக்கிலிருந்தும் ஏறவில்லை என்கிறீர்கள். பல ட்ரெய்லர்களில் இரண்டு பாதையும் சேர்வது இங்கேதான். இரண்டு வேறு வேறு சாதனங்கள் ஒரே மாதத்தில் பழுதாவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒரு முனை கெட்டுப்போவதற்கு வாய்ப்பு அதிகம்.

பொதுவான இன்னொரு இடம் மைனஸ். பேட்டரியின் வெள்ளை வயர் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடியும். பெயின்டுக்கு மேலேயே முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், சில வருடத்தில் அடியில் துரு ஏறும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே லைட் எல்லாவற்றையும் போட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுள்ளைச் சட்டத்தில் சுரண்டி எடுத்த பளபளப்பான இடத்திலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் சோடா உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், நுரை அடங்கும்வரை. கரைசல் பேட்டரியின் துளைகளுக்குள் மட்டும் போகக் கூடாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், சின்னதுதான், ஆனால் பலரை முட்டாளாக்கியது. பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் உங்கள் ட்ரெய்லரில் இருக்கிறதா? வாசலில் இரண்டு நாள் ப்ளக் போட்டு வைத்தபோது அது எந்தப் பக்கம் இருந்தது? பல ட்ரெய்லர்களில் அதை அணைத்து வைத்தால் சார்ஜும் பேட்டரிக்குப் போகாது. பத்திரமாக இருக்கட்டும் என்று அணைத்துவிட்டு, "ப்ளக் போட்டும் ஏறவில்லை" என்று வருகிறவர்கள் நிறைய.

வாசலில் ப்ளக் போடுவது பற்றி இன்னொரு எச்சரிக்கை. ட்ரெய்லருக்கென்று தனியாக 30 ஆம்ப் சாக்கெட் வைக்கச் சொன்னால், ட்ரெய்லர் பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதைத் துணி உலர்த்தும் மெஷினின் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது இங்கே நடக்கிற கதை. ட்ரெய்லரின் 30 ஆம்ப் ப்ளக் 120 வோல்ட்டுக்கானது. அப்படிச் செருகினால் கன்வெர்ட்டர் மட்டுமல்ல, மைக்ரோவேவிலிருந்து டிவி வரைக்கும் புகைந்துவிடும். புது சாக்கெட் போட்டால் முதலில் மீட்டர், பிறகுதான் ட்ரெய்லர்.

சரி, ட்ரக்குக்கு வருவோம். எட்டு மணி நேரம் ஓட்டியும் ஏறவில்லை என்ற வருத்தம் நியாயமானது, ஆனால் எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏழு முனை ப்ளக்கில் கருப்பு வயர் சார்ஜுக்கு, வெள்ளை மைனஸுக்கு. ட்ரக்கின் எஞ்சினிலிருந்து ட்ரெய்லர் பேட்டரிக்கு ஏறக்குறைய 30 அடி, திரும்பி வர இன்னொரு 30. அந்த வயர் 12 கேஜ் தடிமன் என்று வைத்துக்கொண்டால், அதன் மின்தடை ஆயிரம் அடிக்கு 1.6 ஓம். அறுபது அடிக்குக் கிட்டத்தட்ட 0.1 ஓம். பத்து ஆம்ப் ஓடினாலே ஒரு வோல்ட் வழியில் கரைந்துவிடும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரியைத் தொடும்போது 13தான். அதிலும் இப்போதைய ட்ரக்குகளின் கம்ப்யூட்டர், தன்னுடைய பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை இறக்கிவிடும். ட்ரெய்லர் பேட்டரி பின்னால் பசியோடு இருப்பது அதற்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தால் வருகிற கொஞ்சத்தையும் அதுவே தின்றுவிடும்.

சோதனை சுலபம். ட்ரெய்லரை மாட்டாமல் பேட்டரியை அளங்கள், பிறகு மாட்டி எஞ்சினை ஓடவிட்டு அளங்கள். சிறிதும் ஏறாவிட்டால் ட்ரக்கின் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். சில பிக்கப்களில் ட்ரெய்லர் சார்ஜுக்கான ஃபியூஸோ ரிலேயோ மாட்டாமலே வரும், வாங்கியவர் யாரும் கவனிக்காமல் வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். ஓட்டும்போதே நன்றாக ஏற வேண்டும் என்றால், தடித்த வயரோடு தனியாக ஒரு டிசி-டிசி சார்ஜர் (ட்ரக்கிலிருந்து வரும் வோல்ட்டை உயர்த்திப் பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி) வைப்பதுதான் வழி. வருடத்துக்கு இரண்டு பயணம் போகிறவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து.

சார்ஜ் ஒழுங்காக ஏறி, நின்ற இடத்தில் இறங்கினால் அது வேறு நோய். கேஸ் கசிவுக்கு அலறும் டிடெக்டர், ரேடியோவின் நினைவு, ஃபிரிட்ஜின் போர்டு என்று எதையும் போடாமலே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் சாமான்கள் இருக்கின்றன, மாதக்கணக்கில் நிறுத்தினால் இவையே பேட்டரியை முடித்துவிடும். ஒரே இரவில் காலியானால் கொக்கி அருகே தொங்கும் அவசர பிரேக் சுவிட்சைப் பாருங்கள். ட்ரெய்லர் கழன்று ஓடினால், மெல்லிய கம்பி ஒன்று இழுபட்டு அதிலிருக்கும் செருகு முள்ளை உருவி, பிரேக் பிடிக்க வைக்கும் சுவிட்ச் அது. அந்த முள் ஏற்கெனவே உருவப்பட்டிருந்தால் நான்கு சக்கரத்து மின்பிரேக்கும் பேட்டரி சாகும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். குழந்தைகள் அந்தக் கம்பியைப் பிடித்து விளையாடுவது நான் கண்ணால் பார்த்தது.

பேட்டரியைக் கடைசியாகச் சொல்கிறேன், உங்களுடையது புதியது என்பதால். ஆனால் புதியதும் காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். தண்ணீர் ஊற்றும் வகையென்றால் மூடிகளைத் திறந்து தகடு மூழ்கியிருக்கிறதா பாருங்கள், டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், நிறைப்பதை முழு சார்ஜுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக ஏற்றி, கார் உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் இலவசமாகவே லோட் டெஸ்ட் (சுமை கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்து தருவார்கள். லித்தியம் போட்டிருப்பவர்கள் இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே, பெரும்பாலானவற்றில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை வாங்கவே வாங்காது. பழைய கன்வெர்ட்டரின் 13.6 அதை மெதுவாகத்தான் ஏற்றும், முழுசாக நிரம்பாமலும் போகலாம்; பொதுவாக அதற்குச் சொல்லப்படுவது 14.4ஐ ஒட்டி.

இப்போது ஹீட்டர் கணக்கு. கேஸில் ஓடும் ஹீட்டருக்கு எதற்குப் பேட்டரி என்று கேட்காதீர்கள், காற்றை ஊதும் மோட்டார் பேட்டரியில்தான் ஓடுகிறது. ஏறக்குறைய ஏழு ஆம்ப். வோல்ட் இறங்கினால் மோட்டார் மெதுவாகும், காற்று போதாது, காற்றின் தள்ளலில் மூட வேண்டிய சின்னத் தகட்டு சுவிட்ச் மூடாது, அது மூடாமல் கேஸ் திறக்காது. அதனால்தான் லைட் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்போதே ஹீட்டர் முதலில் நிற்கும். குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால், ஏழு ஆம்ப் வீதம் ஐந்து மணி நேரம், 35 ஆம்ப்-அவர். நீங்கள் வாங்கியிருப்பது குரூப் 24 அளவு பேட்டரி என்றால் மொத்தமே 80 ஆம்ப்-அவரை ஒட்டி இருக்கும், அதில் பாதியைத்தான் கெடுக்காமல் பயன்படுத்தலாம். ஆக, எல்லாப் பழுதையும் சரிசெய்த பிறகும் ஒற்றைப் பேட்டரி பிக் பெண்டின் ஒரு குளிர் இரவைத்தான் தாங்கும். இரண்டாவது இரவுக்கு ஜெனரேட்டரோ சோலாரோ வேண்டும். ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டி நிரப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். கடைசி இருபது சதவீதம் ஏறுவதற்குத்தான் பல மணி நேரம் பிடிக்கும். கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்துக்கொள்வது என் போன்றவர்களின் தேர்வு. கனமானவை, ஆனால் அடி தாங்கும்.

அதனால் இந்த வார இறுதியில் எதையும் வாங்காதீர்கள். துண்டிப்பு சுவிட்சைச் சரிபார்த்துவிட்டு, ப்ளக் போடாமல் பேட்டரியில் ஒன்று, போட்ட பிறகு பேட்டரியில் ஒன்று, பேனலில் ஒன்று என்று மூன்று அளவு எடுங்கள். பேனலில் 13க்கு மேல் இருந்து பேட்டரியில் இல்லையென்றால் அந்தச் சின்னப் பெட்டியின் இரு கால்களையும் அளந்து, நான்காவது ஐந்தாவது எண்ணாக அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பெட்டி சட்டத்தின் அடிப்பக்கம் ஒளிந்திருக்கலாம், விரலால் தடவிப் பார்த்தால் அகப்படும்.